அறுக்காத கயிறு

அறுக்கவில்லை... அறுக்கவே இல்லை, கூத்தாண்டவர் திருவிழாவில் தனக்கு முன்னால் நின்ற திருநங்கையின் தாலியைப் பூசாரி அறுத்தபோது அவள் போட்ட அலறலில் கூட்டமே அந்தப் பக்கம் திரும்பியது, அந்த நேரம் பார்த்து ராஜ்கமல் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நழுவிவிட்டான், இப்போது பாகூர் ஏரிக்கரையில் வண்டி போகிறது, பின்னால் அவன் தாலி கட்டிய மனைவி சுகன்யா, அவள் கை அவன் தோளில், கொஞ்சம் நகர்ந்தால் அவன் கழுத்து மஞ்சள் கயிறு தட்டுப்படும். புத்தி கெட்டுத்தான் போய்விட்டதா? சின்ன வயதில் காமாலையில் கிடந்தவன் பிழைத்தால் வருஷா வருஷம் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்வான் என்று அம்மா வேண்டிக்கொண்டாள், எத்தனையோ ஆம்பிளைகள் கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் சாமியின் களப்பலி முடிந்ததும் அறுத்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு அது வேண்டுதல், தனக்கு மட்டும் ஏன் வருஷம் முழுக்க அடக்கிய மூச்சை அன்றைக்குத்தான் விட்ட மாதிரி இருக்கிறது? நேற்று முடிச்சு விழுந்தபோது உள்ளே ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள், நிஜமாக, யாரிடம் சொல்ல? திருபுவனைக் கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒடிசாக்காரன் போன வருஷத் தாலி போட்டோவைப் பார்த்து, ஆம்பளைக்குத் தாலியா என்று சிரித்தான், சாமிக்கு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டான்... சாமிக்கு என்றால் கும்பிடு, எனக்கு என்றால்?

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர், சேலியமேடு வந்துவிடும். அம்மா காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள், "சுடுதண்ணி போட்டு வெச்சிருக்கன்டா, வாசல்லியே சட்டையக் கழட்டிட்டு, தாலியறுத்த தீட்டு போவ தலைக்கு ஊத்திக்கினு வூட்டுக்குள்ள வா." சட்டையைக் கழற்றினால் தீர்ந்தது. அறுத்து ஏரியில் வீசிவிடலாமா, ஒரே இழுப்பு போதும், கை வர மாட்டேன் என்கிறது, திரும்பிப் போகலாமா, எங்கே, என்ன சொல்லி...

தோளில் இருந்த கை நகர்ந்தது. விரல் காலருக்குள் போய்க் கயிற்றைத் தொட்டு நின்றது. வண்டி தள்ளாடியது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள் சுகன்யா, "மஞ்சள் வெளிய தெரியுது." கயிற்றை உள்ளே தள்ளி, காலரை மேலே இழுத்துவிட்டாள். "அத்த கேட்டா, நெஞ்சுல சளி, இன்னைக்கு ஊத்த வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான், கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. எப்போதிருந்து தெரியும் இவளுக்கு? கல்யாணமான நாளிலிருந்தா? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் தாலி அவன் முதுகில் குத்தியது, எத்தனையோ முறை இப்படி உட்கார்ந்து வந்திருக்கிறாள், குத்துகிறது என்று ஒரு நாளும் உறைத்ததில்லை... இதை அறுத்துக்கொள்ள இவளுக்கு எந்தக் கோயில் இருக்கிறது?