பழைய லேப்டாப்பின் இரைச்சல்

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம்மாட்கள் இங்கே நடத்தும் சங்கம் ஆண்டுவிழாவுக்கு மலர் போடுகிறது. மலர்க்குழுவில் இருக்கும் அண்ணன் போன் செய்தார்.

“தம்பி, ஒரு ஆயிரத்தைந்நூறு வார்த்தை வேணும். சிரிப்பா இருக்கணும். போன வருஷம் எல்லாரும் ஒரே அழுவாச்சியா எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்டுல அதப் படிச்சிட்டு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல.”

“எதப் பத்திண்ணே?”

“நீதான் புது லேப்டாப்பு, பெரிய டிவியெல்லாம் வாங்கி ரூமையே தியேட்டராக்கி வச்சிருக்கியாமே. அதயே எழுது.”

சரி என்றேன். அப்போது புது லேப்டாப் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நடுவில் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வந்திருந்தால் சரி என்றிருக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: “வெளிநாட்டில் தனியாக இருப்பவனுக்கு லேப்டாப் என்பது வெறும்…”

[‘என்பது வெறும்’ என்று போகும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும். விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: “ஒன்பது வருடம் கூடவே இருந்தவளை நேற்று ஒரு கடையில் விட்டுவிட்டு, இளையவளோடு வீடு திரும்பினேன்.”

[என் மனைவியும் இந்த மலரைப் படிப்பாள். அடித்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: “அவன் ஒரு கணினிப் பொறியாளன். ஆனாலும் அவனுடைய கணினியே…”

[வெளிநாட்டுக் கதை என்றால் நாயகன் கணினியில்தான் வேலை பார்க்க வேண்டுமா? நான் பல் கட்டுகிறவன். அவனும் பல்லே கட்டட்டும்.]

நான்காவதை வைத்துக்கொண்டேன். அதில் ‘அவன்’ இருக்கிறான். ‘நான்’ என்று எழுதினால் பொய் சொல்வது கஷ்டம், அதனால்.

3

அவன் ஒரு பல் லேபில் வேலை செய்கிறான். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில், கல்லாக இறுகும் மாவைக் கரைத்து ஊற்றி, அதன்மேல் மெழுகில் பல்வரிசை அடுக்கி, பிறகு பல்செட்டாக வார்த்துத் தேய்த்து மெருகேற்றி அனுப்புவான். முகம் எதையும் பார்த்ததில்லை. வாய் மட்டும் ஆயிரக்கணக்கில் தெரியும். நாள் முழுக்கத் தேய்க்கிற மெஷினின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் இரைச்சல் அவனுக்கு இரைச்சலாகவே படுவதில்லை.

[இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நல்ல எழுத்தாளர்கள் இப்படிச் சொல்லிக் காட்டமாட்டார்கள். நான்தான் பல் கட்டுகிறவன் என்று சொல்லிவிட்டேனே.]

மூன்றாம் மாடியில் ஒரே அறை. கட்டில், கட்டிலின் கால்மாட்டில் மேசை, ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்தும் இடம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவனும் அவன் மனைவியும் சேர்ந்து படம் பார்ப்பார்கள். அவள் அங்கே, ஊரில் அவன் அப்பாவோடு இருக்கும் வீட்டின் முன்னறையில், டிவியில். அவன் இங்கே லேப்டாப்பில். ஒரு பக்கம் படம், ஒரு ஓரத்தில் வீடியோ கால். அவள் போனை அலமாரியில் சாய்த்து வைத்திருப்பாள். அங்கே அப்போது ஏழரை மணி, இருட்டியிருக்கும்.

இரண்டு பேருக்கும் படம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் அவள் முதலில் சிரித்துவிடுவாள், அவன் எதற்கென்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். அதனால் சேர்ந்து எண்ணுவார்கள். மூணு, ரெண்டு, ஒண்ணு, போடு. ஐந்து வருடமாக இதுதான் வழக்கம்.

பழைய லேப்டாப்பால் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய முடியாது. காலும் படமும் ஒன்றாகத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபேன் மாவு மில் மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். “ஏங்க, அங்க மழையா?” என்று அவள் கேட்பாள். “ஆமா, நம்ம லேப்டாப்புக்குள்ள” என்பான்.

அண்ணன் கேட்ட சிரிப்புக்கு இன்னும் இரண்டு கைவசம் வைத்திருந்தேன். ஒன்று: குடும்பப் படம் தவிர எதையும் பார்க்காத அவள், எட்டு மாதமாக அடிதடிப் படமாகவே தேர்ந்தெடுக்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து நம் ரசனை ஒட்டிக்கொண்டது பார் என்று அவன் லேபில் எல்லோரிடமும் பெருமையடித்தான். இரண்டு: அதே எட்டு மாதமாக, ஒவ்வொரு படத்தின் நடுவிலும் அவர்கள் வீட்டில் பால் பொங்குகிறது. “ஒரு நிமிஷங்க, பால் பொங்குது” என்று எழுந்து ஓடுவாள். ஐந்து நிமிடம் கழித்து வருவாள். பத்து வருடம் சமையல் செய்தவளுக்கு அடுப்பைக் குறைக்கத் தெரியவில்லை என்று கேலி செய்வான்.

“அப்பா?” என்று தவறாமல் கேட்பான்.

“தூங்கிட்டாருங்க.”

அப்பாவுக்குப் போனில் பேசப் பிடிக்காது. அது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் ஏழரை மணிக்கே எப்படித் தூங்கினார் என்று ஒரு தடவைகூட அவன் கேட்கவில்லை.

[இந்த வாக்கியத்தை மூன்று முறை எடுத்துவிட்டேன். மூன்று முறையும் திரும்பப் போட்டேன்.]

4

பழையது ஒரு புதன்கிழமை திரை இருண்டு நின்றுபோனது. கடையில் அதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு டிவி, டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான சவுண்ட்பார். பெட்டி பிரித்து, வயர் மாட்டி, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சோதித்துப் பார்த்தான். லேப்டாப் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. ராஜா மாதிரி இருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்குக் கால் வந்தது. வீட்டுச் சுவர்க்கடிகாரம் கேட்டது. தெருவில் ஒரு பைக் போவது, மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தட்டுவது, அவள் வளையல் எல்லாம் கேட்டது. “உன் வீடு பூரா இங்க வந்துடுச்சும்மா” என்றான். அவள் சிரிக்கவில்லை. “ஓ” என்று மட்டும் சொன்னாள்.

மூணு, ரெண்டு, ஒண்ணு, போடு. இரண்டு பேரும் அழுத்தினார்கள். படம் தொடங்குவதற்கு முன் திரை கறுப்பாக இருந்த அந்த இரண்டு நொடியில், அவளுக்குப் பின்னாலிருந்து, உள்ளறையிலிருந்து, இன்னொரு குரல் மெதுவாக எண்ணியது.

“ரெண்டு… ஒண்ணு…”

[இதற்கு மேல் ‘அவன்’ என்று எழுத வரவில்லை. நான்தான்.]

அது பல்லில்லாத வாய். எனக்கு அது தெரியும், அதைத்தான் நான் தொழிலாக வைத்திருக்கிறேன். போன லீவில் அப்பாவுக்கு நானே அச்சு எடுத்து, இங்கே லேபில் வைத்து செட் செய்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். மாட்டியதும் போனில் எண்ணச் சொன்னேன். போனென்றாலே ஓடுகிற மனிதர் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினார். என்னோடு அவர் போனில் அதிகம் பேசியது அதுதான். பிறகு வெறும் வாயோடு அவர் யார் முன்னாலும் வந்ததில்லை. எழுந்ததும் முதல் வேலை பல் மாட்டுவது.

மாதக்கணக்கில் மாட்டாமல் கிடந்தால் ஈறு சுருங்கிவிடும், செட் உட்காராது. நான் கேட்ட குரலுக்குள் அந்தச் சுருங்கிய ஈறு இருந்தது. ஒரு பக்க உதடு மூடாததும் இருந்தது. பக்கவாதம் வந்த வாய்களுக்கும் நான் பல் கட்டியிருக்கிறேன்.

“யாரும்மா அது?”

“எதுங்க?”

“யாரோ எண்ணுன மாதிரி இருந்துச்சு.”

“பக்கத்து வீட்டு டிவியா இருக்கும். படம் ஆரம்பிச்சிடுச்சு, பாருங்க.”

அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள். பன்னிரண்டு பேர் ஒருத்தனை அடித்தார்கள். அரை மணி நேரம் கழித்து அடிப்பதற்கு ஆள் தீர்ந்துபோய் நாயகன் சும்மா நடந்துபோன ஒரு இடத்தில், உள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

“ஒரு நிமிஷங்க, பால் பொங்குது.”

திரையின் ஓரத்தில் காலி நாற்காலி. சவுண்ட்பார் நல்ல சரக்கு, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. டம்ளர் வைக்கும் சத்தம்கூடத் தெளிவாக வந்தது.

“மெதுவா குடிங்க மாமா. எண்ணாதீங்கன்னு சொன்னேன்ல. அவருக்குக் கேட்டுடும்.”

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

அதைச் செய்தது நான்தான். நன்றாகக் கேட்பதற்காகக் கூட்டவில்லை, குறைத்தேன். அவள் திரும்பி வந்ததும் “அடுப்பக் குறைச்சு வைக்கக் கூடாதா” என்று எப்போதும்போலக் கேலி செய்தேன். முழுப் படமும் பார்த்தேன். கடைசியில் படம் நல்லாயிருந்துச்சு என்றேன்.

5

இங்கே நான் இல்லாத ஒரு காட்சி வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் ஊரில் நடந்தது. எனக்குச் சாட்சி கிடையாது, இட்டுக்கட்டுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டில். அப்பா சொல்கிறார்: “என் மகன் அங்கு நிம்மதியாக உழைக்கட்டும். என் நோய் அவன் பாதையில் தடையாக…”

[அப்பா இப்படியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை. மறுபடியும்.]

ஆஸ்பத்திரிக் கட்டில். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. என் மனைவி போனை எடுக்கிறாள். அவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

“அவனுக்கா?”

“ஆமா மாமா.”

“வேணாம்.”

“எப்படி மாமா சொல்லாம இருக்கறது?”

“அவங்கம்மாவுக்கு முடியலன்னு வந்தானே. என்னாச்சு?”

என்னாச்சு என்றால், ஏழு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு முடியவில்லை என்று கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அம்மா போன மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து ஒன்பது மாதமாகிறது. கைக்கு வர இன்னும் பத்து வாரம். நடுவில் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் செத்துப்போகும், பிறகு திரும்பி வர முடியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தக் காட்சியில் அவர் அவ்வளவுதான் பேசியிருப்பார். அவள் போனை உள்ளே வைத்திருப்பாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு, சத்தம் நிறைய உள்ள படமாக ஒன்று தேடியிருப்பாள்.

6

அந்த ஞாயிறுக்கு மறுநாள், லேபில் மதிய இடைவேளையில் கடைக்கு ஓடினேன். என் பழைய லேப்டாப்பைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன்.

கடைக்காரர் புதியதில் ஏதும் கோளாறா என்றார். இல்லை, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். பழையதில் படங்கள், கணக்கு வழக்கு ஏதாவது விட்டுப்போச்சா என்றார். அதெல்லாம் எடுத்துவிட்டேன் என்றேன். அப்புறம் எதற்கு என்று கேட்டார்.

அதன் சத்தம் வேண்டும் என்று எந்த மொழியில் சொல்வது? இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கே பிரித்துப்போட்டாயிற்று என்றார். ஃபேனில் அவ்வளவு தூசி இருந்ததாம், இத்தனை நாள் ஓடியதே அதிசயமாம்.

[அண்ணனுக்கு: நீங்கள் கேட்ட சிரிப்பு இந்தப் பகுதியில் இருக்கிறது. இது போதாதென்றால் மலரில் என் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.]

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன் அன்றிரவே கிளம்புகிறான். வாசலில் பையை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போகிறான். அப்பா கண்ணைத் திறக்கிறார். இதை வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அப்பா கண் திறந்ததும் முதலில் கேட்கப்போவது “வேலை?” என்றுதான். அதற்கு அவன் சொல்வதாக ஒரு பதில் எழுத என்னால் முடியவில்லை.

இன்னொன்றில் அவன் பத்து வாரமும் ரிமோட்டைக் குறைத்தே வைத்திருக்கிறான். அனுமதி கைக்கு வருகிறது. டிக்கெட் போடுகிறான். ஏழாவது வாரமே அங்கே எண்ணுகிற குரல் நின்றுபோயிருக்கிறது, சத்தம் குறைவாக இருந்ததால் அவனுக்கு அது தெரியாது. இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் குளியலறையில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவதில் அவன் அவளிடம் எனக்குத் தெரியும் என்கிறான். அவள் எட்டு மாதம் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்ததை ஒரே வார்த்தையில் உடைக்கிறான். அவள் அழுகிறாள். அழுவாளா? பத்து வருடமாக என் மனைவி, அதுகூட எனக்குத் தெரியவில்லை. பாதியில் நிற்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. போனால் என்ன ஆகும் என்பதைவிட, போகாமல் இருக்க எனக்கு இவ்வளவு நல்ல காரணம் கிடைத்திருக்கிறதே, அது பயமாக இருக்கிறது.

இன்று ஞாயிறு. இரண்டு ஐம்பத்தைந்து. டிவியைப் போட்டாயிற்று. ரிமோட் கையில் இருக்கிறது, சத்தம் முழுதாகத் திறந்திருக்கிறது. இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக எண்ணலாம் என்று பார்க்கிறேன். மூணு என்று சொல்லிவிட்டு நிறுத்தி, உள்ளறையிலிருந்து ரெண்டு வரும்வரை காத்திருக்கலாம். காத்திருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், எனக்குத் தெரியுமென்று. அப்பாவுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மேலே சொன்ன முடிவுகளில் ஏதோ ஒன்றுக்குள் மூன்று பேரும் போயாக வேண்டும். காத்திருக்காவிட்டால் வழக்கம்போல ஓடும். அவர் அங்கே படுத்தபடி, எங்களுக்கு ஒரு எண் பின்னால், யாருக்கும் கேட்காத மாதிரி எண்ணிக்கொண்டிருப்பார்.

அண்ணன் கொடுத்த வார்த்தைகள் தீர்ந்துவிட்டன. நான் நிறுத்துவேனா மாட்டேனா என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுமுன் உங்கள் வீட்டில் யார் தூங்குவதாக உங்களிடம் கடைசியாகச் சொன்னார்கள், நீங்கள் திருப்பிக் கேட்டீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கால் வருகிறது. எடுத்துவிட்டேன். அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறாள். என்ன படம் என்று கேட்டேன். சண்டைப் படம் என்கிறாள்.

“அப்பா?”

“தூங்கிட்டாருங்க.”

கடிகாரம் கேட்கிறது. மின்விசிறி தட்டுவது கேட்கிறது. உள்ளே யாரோ மூச்சை இழுத்துத் தயாராவது கேட்கிறது.

“மூணு.”