தொள்ளாயிரத்து எண்பது கிராம்

அந்த வெள்ளி நிற லேப்டாப்பைப் பார்த்த நிமிஷமே லவினாவுக்கு வயிறு எரிந்தது.

டயாலிசிஸ் மெஷின் விற்கிற கம்பெனியில் அவளுக்குப் பதினான்கு வருஷமாக டிரெய்னர் வேலை. மெஷின் போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய், அங்கிருக்கும் நர்ஸ்களுக்கு அதை ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாதத்தில் பாதி நாள் ரயிலும் லாட்ஜும்தான். பழைய லேப்டாப் சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ. அதைச் சுமந்து சுமந்து போன வருஷம் வலது தோள் பிடித்துக்கொண்டு, அல்சூரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இருபது நாள் நடந்தாள். லேசாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று மேனேஜர் கஸ்தூரிரங்கனை மூன்று வருஷமாக நச்சரித்தது அவள்தான். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவர் அசைந்துகொடுத்தார். வெளியூர் போகிற பதினோரு பேருக்கும் புதிது வாங்கலாம், எந்த மாடல் என்று மட்டும் முடிவு செய்ய வேண்டும். இரண்டு கம்பெனிகள் பார்ப்பதற்கு ஆளுக்கொன்று அனுப்பியிருந்தன.

"ரெண்டு வாரம் எடுத்துட்டுப் போய் அலைஞ்சு பாருங்க. அப்புறம் உட்கார்ந்து பேசலாம்," என்று சொல்லி, ஒட்டுப் பிரிக்காத இரண்டு டப்பாக்களை ஆளுக்கொன்றாக நீட்டினார். பிரித்தபோது லவினாவுடையதில் கறுப்பு, பார்கவியுடையதில் வெள்ளி.

பார்கவி சந்தாபுராவிலிருந்து வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். இன்னும் ஒரு கிளாஸ்கூடத் தனியாக எடுத்ததில்லை.

"அக்கா, தூக்கிப் பாருங்களேன். சக்கத்தா இருக்கு! உள்ள ஒண்ணுமே வெக்காத மாதிரி," என்று ஒற்றைக் கையால் நீட்டினாள்.

லவினா கையை நீட்டவில்லை. "எவ்ளோ போட்டிருக்கான்?"

"தொள்ளாயிரத்து எண்பது கிராம்."

லவினாவுடையது ஒரு கிலோ முந்நூற்றைம்பது.

அன்று சாயங்காலம் ஜோகுபாளையத்து வீட்டில், கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசில் கறுப்பு லேப்டாப்பை வைத்துப் பார்த்தாள். போட்டிருந்ததைவிடப் பத்து கிராம் கூடவே காட்டியது. புருஷன் டிரேவர் ஸ்கூலில் பி.டி. மாஸ்டர். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு கிலோ பாதிக்கும் கீழ வந்திருக்கு. சந்தோஷப்படேன் லவி."

"அவளுக்கு ஏன் அதைக் குடுத்தாரு?"

"இப்ப உனக்கு லேப்டாப்பு பேஜாரா, அந்தப் பொண்ணு பேஜாரா?"

லவினா தராசைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

அடுத்த வாரம் இருவரும் தாவணகெரே போனார்கள். ரயிலில் பக்கத்துப் பக்கத்து சீட். முன்சீட்டின் முதுகிலிருந்து மடக்கி இறக்கும் பலகையில் வெள்ளி கச்சிதமாக உட்கார்ந்தது. கறுப்பு இரண்டு விரல் வெளியே துருத்தியது. லவினாவின் முகம் சுருங்கியது. தும்கூர் தாண்டி ஜன்னலில் வெயில் ஏறியதும் வெள்ளியின் திரை கண்ணாடி மாதிரி பார்கவியின் முகத்தையே காட்டியது. அவள் துப்பட்டாவைத் தலைக்கு மேல் கூடாரம்போல் பிடித்துக்கொண்டு டைப் செய்தாள். கறுப்பில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. லவினாவுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

பீரூர் வரும்போது எட்டிப் பார்த்தாள். வெள்ளியில் சார்ஜ் நாற்பத்தொன்று. தன்னுடையதில் எழுபத்தெட்டு. இன்னும் கொஞ்சம் குளுகுளு. பார்கவி போன் சார்ஜரையே எடுத்து அதில் செருகினாள். இரண்டுக்கும் ஒரே சார்ஜர். லவினாவுடையதற்குச் செங்கல் மாதிரி தனியாக ஒன்று பையில் கிடந்தது. குளுகுளுப்பு போய்விட்டது. இப்படியே தாவணகெரே வரைக்கும் அவள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். பார்கவிக்கு எதுவும் தெரியாது.

"அக்கா, நாளைக்கு நான்தான் முழு கிளாஸும். பயமா இருக்கு," என்றாள் பார்கவி.

"எல்லாருக்கும் அப்படித்தான்."

வெள்ளியில் இருந்த ஒரு குறை இருவருக்கும் தெரியும். புரொஜெக்டர் கேபிளை நேராகச் செருக அதில் இடம் கிடையாது. நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை அடாப்டர் மாட்ட வேண்டும். கறுப்பில் அந்தத் தொல்லை இல்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பார்கவி, ஆட்டோ வந்துவிட்டதென்று முதலில் இறங்கி ஓடினாள். லாட்ஜ் அறையைப் பூட்டச் சாவியோடு நின்றது லவினா. பார்கவியின் கட்டிலில், மடித்த போர்வைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. அடாப்டர்.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். லவினா கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு இறங்கினாள்.

ஹாலில் முப்பத்தைந்து நர்ஸ்கள், முன்வரிசையில் பெரிய டாக்டர். பார்கவி பைக்குள் கைவிட்டாள். பிறகு பையையே மேஜைமேல் கொட்டினாள். சீப்பு, தண்ணீர் பாட்டில், சார்ஜர், பிஸ்கட் பொட்டலம்.

"ஏனாய்து மேடம்?" என்று ஒரு நர்ஸ், என்ன ஆச்சென்று புரியாமல், கன்னடத்தில் கேட்டாள்.

"ஒந்து நிமிஷா," என்றாள் பார்கவி.

லவினா தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கடிகாரத்தை இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் எழுந்தாள். கேபிளைக் கறுப்பில் செருகினாள், படம் வந்தது. கிளாஸை அவளே எடுத்து முடித்தாள். பார்கவி சுவரோரம் நின்றாள். போகும்போது டாக்டர், "அடுத்த தடவை நீங்க ஒருத்தரே வந்தால் போதும்," என்று லவினாவிடம் சொன்னார். அந்த வார்த்தை அவளுக்கு மத்தியானச் சாப்பாடு வரை இனித்தது.

அறைக்குத் திரும்பியதும் பார்கவி போர்வையைத் தூக்கினாள். "இங்கதான் இருந்திருக்கு! என் புத்தியச் செருப்பால அடிக்கணும் அக்கா." குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வெளியே லவினா ரிப்போர்ட் டைப் செய்தாள்: வெள்ளி மாடல், வகுப்பில் பயன்படவில்லை, பயணத்துக்கு ஏற்றதல்ல.

திங்கட்கிழமை கஸ்தூரிரங்கன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா பார்கவி?"

"லேப்டாப் மேல தப்பில்ல சார். நான்தான் அடாப்டரை மறந்துட்டுப் போனேன். அக்கா இல்லன்னா மானம் போயிருக்கும்."

"அப்போ இன்னும் ஆறு மாசத்துக்குத் தனியா கிளாஸ் வேணாம். லவினாகூடவே போ."

பார்கவி தலையாட்டினாள். அக்கா இல்லன்னா என்று அவள் சொன்னதுதான் லவினாவைக் குத்தியது.

"சார், நான் பாத்தேன்."

"எதை?"

"அடாப்டரை. கட்டில் மேல கிடந்துது. பாத்துட்டுத்தான் ரூமைப் பூட்டினேன்."

பார்கவி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படி?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"லேசானதை அவளுக்குக் குடுத்தீங்க. கேட்டவ நான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மேல இருந்த டப்பா எதுவோ அதை உன்கிட்ட குடுத்தேன். அடுத்தது அவளுக்கு. எதுல எது இருக்குன்னு எனக்கே தெரியாது லவினா."

பழைய ரிப்போர்ட்டை அழித்துவிட்டு லவினா புதிதாக எழுதினாள். இரண்டு நாளில் போய் வருகிற விற்பனைக்காரர்களுக்கு வெள்ளி. நாள் முழுக்க ரயிலிலும் ஹாலிலும் இருக்கிற டிரெய்னர்களுக்குக் கறுப்பு. எழுதும்போதே தெரிந்தது, இப்போது எழுதியதுதான் நிஜம். கஸ்தூரிரங்கன் அப்படியே ஆர்டர் போட்டார். தாவணகெரே கிளாஸை மறுபடி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். பார்கவி தனியாகப் போய் வந்தாள்.

லிஃப்ட் பக்கத்தில் லவினா அவளை நிறுத்தினாள். "கிளாஸ் எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு மேடம்."

ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக மேடம். லிஃப்ட் வந்துவிட்டது, பார்கவி ஏறிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஹாசனுக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டியிருந்தது. தனக்கு வேறு அறை வேண்டும் என்று பார்கவி எழுதிக் கொடுத்திருந்தாள். சீனியர் என்கிற முறையில் அந்தத் தாள் லவினாவின் மேஜைக்குத்தான் வந்தது. காரணம் என்ற இடத்தைப் பார்கவி காலியாக விட்டிருந்தாள். லவினா கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.