உருகாத கொடி

கூரையில் இருந்த ஸ்மோக் அலாரத்துக்கு நவரத்தினம் மாமா கதிரையில் ஏறி நின்று பொலித்தீன் பை கட்டிக்கொண்டிருந்தார். சாம்பிராணி போட்டால் அது குழறத் தொடங்கிவிடும், பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவை இடிப்பாள். லண்டனில் இந்த லூயிஷாம் வீட்டில் எந்தப் படையலுக்கும் முதல் வேலை அதுதான். ஆனால் இன்றைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிரியந்தி அக்காவுக்கு. அவுஸ்திரேலியாவில் காட்டுத்தீயில் எரிந்தவளுக்குக் கிரியை செய்ய, நெருப்புக்குக் கத்துகிற ஒரே சாமானின் வாயைக் கட்டுகிறார்கள். கோசிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் படிச்சுப் படிச்சு மூளை பிரண்டு போச்சு என்பார்கள்.

சோபாவில் அக்காவின் புருசன் றஜீவ் அத்தான், புதிதாக வந்தவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

"நெருப்பு மலையாலை இறங்கி அப்பிள் தோட்டத்துக்கை வந்திட்டுது. நான் வாகனத்தை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு நிக்கிறன். தாலிக்கொடியை விட்டிட்டன், எடுத்துக்கொண்டு ஓடியாறன் எண்டு உள்ளை போனவ. கூரை விழுந்திட்டுது."

பெண்கள் மூக்கைச் சீறினார்கள். "தாலிக்காக உயிரை விட்டவளடி. ஆருக்கு வரும் இந்தச் சாவு?" என்றாள் ஒருத்தி. அம்மா கமலேஸ்வரி ஒவ்வொரு தரமும்போல இந்தத் தரமும் தலையாட்டி அழுதாள். றஜீவ் ஃபோனை நீட்டி, தான் காப்பாற்றிய நாயைக் காட்டினான். வாகனத்தின் முன்சீட்டில், நாக்கைத் தொங்கப் போட்டபடி. அக்கா இருக்க வேண்டிய சீட். நாய்க்கு நல்ல பெயர்கூட வைத்திருக்கிறான்.

"கோசி, மேலை சூட்கேசுக்கை அக்கான்ரை மயில்கழுத்துச் சேலை கிடக்கு, படையலுக்கு வைக்க வேணும், எடுத்துக்கொண்டு வா" என்று அம்மா குசினியிலிருந்து கத்தினாள். அடுப்பில் வடை. அந்த அவசரத்தில் சொல்லிவிட்டாள்.

சேலைக்குக் கீழே ஒரு பழைய துவாய்ச் சுருட்டு. எடுத்தால் கனத்தது. பிரித்தாள். கொம்புத்தாலி, கொடியோடு. ஒரு கொம்பு நெளிந்திருந்தது. அக்காவின் கலியாணத்தன்று காரில் ஏறும்போது கதவில் நசிந்த நெளிவு. மாமாதான் கதவைச் சாத்தினவர்; அன்று முழுக்க அபசகுனம் அபசகுனம் என்று அம்மா அவரைத் தின்றாள்.

முழங்கால் நோவையும் பாராமல் அம்மா படியேறி வரும் சத்தம். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"எப்ப வந்தது?"

"தை மாசம். மெல்பேர்ணிலை இருந்து வந்த ஆக்களிட்டைக் குடுத்துவிட்டவள். எனக்கு இது இனி வேண்டாம், அவன் அடிக்கிறான், நான் வரப்போறன் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கொஞ்சம் பொறு எண்டனான். தங்கச்சிக்கு ஒரு இடம் பொருந்தட்டும், பிறகு வா எண்டனான்."

கோசிகா கொடியைக் கையில் சுற்றிக்கொண்டாள். அப்பிள் புடுங்குகிறவள் கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டா திரிவாள்? அது அலுமாரிக்குள் கிடக்கிறது என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இந்தச் சனம் கேள்வி கேட்காமல் விழுங்கக்கூடிய பொய் எது என்று மட்டும் தேடியிருக்கிறான்.

"அம்மா, இல்லாத கொடியை எடுக்க அவள் ஏன் உள்ளை ஓடினவள்?"

"மெல்லக் கதை."

"அவன் அவளை உள்ளுக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு நாயோடை போனவன்."

"நீ கண்டனியே? சட்டம் படிச்சனி, வாயை மூடப் படிக்கேல்லையே? கொலைகாரன்ரை மச்சாளை ஆரடி எடுப்பினம்? பெத்தது ரெண்டு. ஒண்டு சாம்பலாப் போச்சு. தா அதை இஞ்சை."

"அவன் சொல்லேக்கை எல்லாம் நீங்களும் இருந்து அழுதனீங்கள்."

"என்ரை பிள்ளைக்கு நான் அழக்கூடாதே?"

கோசிகா சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கொடி அதன் மடிப்புக்குள்.

கீழே றஜீவ் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "தேடிப் பாத்தம் அண்ணை. பொன் எல்லாம் உருகி மண்ணோடை மண்ணாப் போட்டுது."

அக்காவின் படத்துக்கு முன்னால், வாழையிலைக்குப் பக்கத்தில் சேலையை வைத்தாள். அதன் மேல் கொடியை எடுத்து வைத்தாள்.

மாமா குனிந்து பார்த்தார். "இது பிள்ளையின்ரை கொடியெல்லே? நான் நசிச்ச கொம்பு..." றஜீவ் கொடியைப் பார்க்கவில்லை. படியில் நின்ற மாமியாரைப் பார்த்தான்.

அம்மா வந்து முழந்தாளிட்டாள். சவத்தின் முகத்தை மூடுவதுபோலச் சேலைத் தலைப்பை இழுத்துக் கொடியை மூடினாள். "சாம்பிராணியைப் போடுங்கோ அண்ணை" என்றாள்.

மாமா மூடிய சேலையை ஒருதரம் பார்த்தார். பிறகு போட்டார்.

புகை எழும்பிக் கூரையில் முட்டி, பை கட்டிய அலாரத்தைச் சுற்றித் திரண்டது. கோசிகா கதிரையை அதன் கீழே இழுத்துப் போட்டாள். ஏறினாள். மாமா போட்ட முடிச்சு இறுகியிருந்தது. நகம் கொண்டு பிரிக்கத் தொடங்கினாள்.