முன்பின் வரியில்லாத திருத்தம்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம், பொங்கலூர் பனியன் கம்பெனியில் லேபிள் தைத்துக்கொண்டிருந்த செல்லத்தாய் மணிக்கட்டுக்கு மேல் இல்லாமல் போனாள். கைகள் இரண்டும் மிஷின் கணக்கில் தனியாக இருந்ததால் தப்பின. குரல் எந்தக் கோப்பிலும் இல்லாததால் அதை யாராலும் அழிக்க முடியவில்லை. அவளை அழித்தவன் அவள் புருஷன் அந்தோணிராஜ். அருள்புரத்து வாடகை வீட்டிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவன். ஆட்களின் பெயர்களையும் அதற்குள்ளேயே எழுதியிருந்தான். அவன் எழுதியதெல்லாம் அங்கே நடக்கும். முன்பொருமுறை டீ இடைவேளையை எடுத்துவிட்டபோது அன்றைக்குப் பால் பொங்கவே இல்லை.

மூடிப்போன ஒரு பிரிவைப் புரோகிராமிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷமீமா முதலிலேயே போனில் சொன்னாள்: “நானும் இங்க சில வரி சேத்தியிருக்கேனுங்கண்ணா. வெறும் வரி நம்பர் மட்டும் போட்டு அனுப்பாதீங்க. முன்னாடி மூணு வரி, பின்னாடி மூணு வரியோட, எடுத்ததுக்குக் கழித்தல், சேத்ததுக்குக் கூட்டல் போட்டு அனுப்புங்க. எடம் மாறியிருந்தாலும் கம்ப்யூட்டரே சரியான வரியக் கண்டுபுடிச்சுக்கும்.”

அவனுக்கும் அது தெரியும். ஆனால் மழையில் டெலிபோன் லைன் அறுந்து அறுந்து வந்தது. பெரிய கோப்பு போய்ச் சேரவில்லை. மேனேஜர் அவசரப்படுத்தினார். இந்த வரியை அழி என்று நம்பரை மட்டும் சொல்லும் சின்ன வடிவத்தில் அனுப்பிவிட்டான். ஷமீமா சேர்த்ததில் அங்கே வரிகள் கீழே நகர்ந்திருந்தன. அந்த நம்பரில் இருந்தவள் செல்லத்தாய்.

“திருப்பிப் போட முடியலீங்கண்ணா,” என்று ஷமீமா அழுதாள். “எதை அழிச்சோம்ங்கறதே இதுல இல்லீங்களே.” அவனிடமிருந்த பிரதியிலும் அவள் பெயர் இருந்த வரி வெறுமையாகிவிட்டது. பெயரைப் புதிதாக எழுதிப் பார்த்தான். வேறொரு செல்லத்தாய் கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். பார்க்கப் போன அவனை அடையாளம் தெரியாமல், வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. கை ஓடுகிறவரைக்கும் தனக்குக் குறையொன்றும் இல்லை என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் கைகள் சோறு வடித்தன.

“அந்தப் புள்ள சொன்னபடி அனுப்பியிருந்தா நான் இருந்திருப்பனா?”

“இருந்திருப்ப.”

கைகள் தட்டை எடுத்து வைத்தன. “சரி, சாப்பிட வாங்க,” என்றது குரல்.

மறு வருஷம் வாக்காளர் அட்டைக்குச் செல்லத்தாயைப் படம் எடுத்தார்கள். நாற்காலியும் மடியிருக்கும் உயரத்தில் கோத்த இரண்டு கைகளும் படத்தில் விழுந்தன. எடுத்தவர் திரையைப் பார்த்தார், பெயரைச் சரிபார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.