லிஃப்டை நிறுத்தியவன்

லிஃப்ட் மெக்கானிக் வேலை என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். எட்டு மாதமாக லிஃப்டுக்குள் உட்கார்ந்து பட்டன் அழுத்துகிறேன்.

இன்று ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. பிரேக் தேய்ந்திருந்தால்தான் அப்படி நிற்கும். ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டு லிஃப்டின் மின்சாரத்தை நிறுத்தினேன்.

சூப்பர்வைசர் படியேறி வந்து மூச்சு வாங்கினார். "யாரைக் கேட்டுடா நிறுத்தினே? பட்டன் அழுத்துறவன் பட்டனை மட்டும் பாரு."

"பிரேக் தேஞ்சிருக்கு சார். திறந்து பாருங்க. நான் சொன்னது தப்புன்னா இப்பவே வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

கட்டடத்தில் இருக்கிற ஒரே மெக்கானிக் அண்ணன் மேலே மோட்டார் அறைக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தார். "இவன் சொன்னது சரிதான். இவனையா பொம்மை மாதிரி உட்கார வெச்சிருக்கீங்க? என்கூட அனுப்புங்க."

"இன்னிக்கு மட்டும்தான்" என்றார் சூப்பர்வைசர்.

"நாளைக் கதையை நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு, அண்ணனின் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.