பெர்மெத்தின் ஆங்கிலம்

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத் தையல் ஆலையில் வெளிநாட்டு முதலாளியிடம் பேசுவதற்குப் பெண்கள் பெர்மெத்தைத்தான் அனுப்பினார்கள். மாலை வகுப்பில் அலுவலக ஆங்கிலம் படித்தவள் அவள் ஒருத்திதான். நேர்மை, வெளிப்படைத்தன்மை, இரு தரப்புக்கும் நன்மை போன்ற கனமான ஆங்கிலச் சொற்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"குளிர்ல விரல் விறைச்சு ஊசி கையில ஏறுது. ஹீட்டர் வைக்கலேன்னா நாங்க தைக்க மாட்டோம்னு சொல்லிடு தங்கச்சி," என்றாள் பக்கத்து மிஷினில் தைக்கும் துர்சுனை என்பவள்.

துர்சுனை சொன்னதை பெர்மெத் முதலாளியிடம் தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். முதலாளி வியந்துபோனார். "இவ்வளவு நல்ல இங்கிலீஷை இந்த ஊர்ல நான் கேட்டதே இல்ல," என்றார். ஹீட்டரைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார். மறுநாளே அவளுக்கு மாடி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார். அந்த அறை கதகதப்பாக இருந்தது. உள்ளே இருந்தால் நம் ஆட்களுக்காக இன்னும் அழுத்திக் கேட்கலாம் என்று அவள் நம்பினாள்.

அடுத்த வாரம் முதலாளி எல்லோரையும் கூட்டினார். பரஸ்பர மரியாதை, வெளிப்படைத்தன்மை என்று ஆரம்பித்து, வேலையை நிறுத்துவோம் என்றவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முடித்தார். பெர்மெத் அதைக் கிர்கிஸ் மொழியில் சொன்னாள். அவர் பட்டியலிலிருந்து வாசித்த முதல் பெயர் துர்சுனை.

துர்சுனை பெர்மெத் முன்னால் வந்து நின்றாள்.

"இதையும் இங்கிலீஷ்லயே விட்டிருக்கலாமே தங்கச்சி. எங்களுக்குப் புரியாமலாவது போயிருக்கும்."

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் முதலாளி.

பெர்மெத் துர்சுனையைப் பார்க்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு நன்றி சொல்றாங்க, சார்," என்றாள்.