இரும்புக்கிளி கைவிட்டாளா?

தையல்காரியின் வீட்டு முன்னறையில் மூன்று தையல் மிஷின்களும் ஒரு டிவியும் இருந்தன. வாரத்தில் ஆறு நாள் மிஷின்களின் சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவற்றுக்கு உறை போட்டு மூடிவிட்டு, டிவிக்கு எதிரே மூன்று நாற்காலிகளை இழுத்துப் போடுவாள். இரண்டரை மணிக்குக் கொழுந்தன் வருவான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். அவனுக்குப் பின்னாலேயே நாத்தனார் வருவாள். மருந்துக்கடையில் வேலை. மூன்று மணிக்கு மல்யுத்தம் தொடங்கிவிடும்.

யார் ஜெயிப்பார்கள் என்பது முன்னாலேயே எழுதி வைத்தது என்று மூவருக்கும் தெரியும். கேலி செய்கிறவர்களுக்குத் தையல்காரி ஒரே பதில்தான் சொல்வாள். "முடிவு எழுதி வச்சதுதான். விழுறதை யாரும் எழுத முடியாது. அது எலும்புல படுது."

மூவருக்கும் பிடித்தவள் இரும்புக்கிளி. முப்பத்து நான்கு வயது. குட்டை உருவம், பச்சை உடை, இரண்டு முறை உடைந்து கோணலான மூக்கு. பதினோரு வருடமாக மேடை ஏறுகிறாள். சாம்பியன் பெல்ட்டை அவளுக்கு ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. புதிதாக வருகிற பெண்களை எல்லாம் அவளோடுதான் முதலில் மோதவிடுவார்கள். கிளியின் கையில் விழுந்தால் அடிபடாது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அப்படிப்பட்டவள் கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணித்தேனீ அடிபட்டாள்.

தேனீ சின்னப் பெண், மல்யுத்தம் நடத்துகிற கம்பெனியின் செல்லப்பிள்ளை. அன்று புத்தம் புதிய மஞ்சள் உடையில் வந்திருந்தாள். இடுப்பில் அகலமான கறுப்புப் பட்டை வைத்துத் தைத்த உடை. கிளி ஒரு கையால் அவள் தோளையும் மறு கையால் அந்தப் பட்டையையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். அப்படியே சுழற்றி முதுகு படும்படி படுக்க வைக்க வேண்டும். பாதி வழியில் பிடி போனது. தேனீ பக்கவாட்டில் விழுந்தாள். காரை எலும்பு முறிந்தது. நிகழ்ச்சியை அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாரமே வதந்தி பற்றிக்கொண்டது. நாத்தனார் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நின்றபடியே ரசிகர் பக்கங்களையெல்லாம் படித்துவிட்டு, மணிக்கொரு தரம் அண்ணிக்குப் போன் செய்தாள். தோற்கச் சொன்னதால் கிளிக்குக் கோபமாம். உடைமாற்றும் அறையில் சண்டை போட்டாளாம். கதவை எட்டி உதைத்தாளாம். அந்த ஆத்திரத்தில்தான் வேண்டுமென்றே போட்டாளாம். வெள்ளிக்கிழமை கம்பெனியும் அறிவித்துவிட்டது: விசாரணை முடியும் வரை இரும்புக்கிளிக்கு மேடை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடியபோது முன்னறையே ரெண்டுபட்டது.

"அவ செஞ்சிருக்க மாட்டா, அண்ணா," என்றாள் நாத்தனார். "ஆனா உள்ள இருக்கிறவங்களே சொல்றாங்கன்னு போட்டிருக்கான்."

"எவன் உள்ள இருக்கிறவன்? பேர் போட்டிருக்கானா?" என்று கேட்டாள் தையல்காரி.

"பேர் இல்ல, அண்ணி."

கொழுந்தன் விட்டுக்கொடுக்கவில்லை. "பேர் இருக்கோ இல்லையோ, ஒழுங்குன்னு ஒண்ணு வேணும் அண்ணி. எனக்குப் பின்னால நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. டிப்போ மேனேஜர் மேல கோவம்னு நான் வண்டியை ஆட்டி ஓட்டினா சும்மா விடுவாங்களா? எனக்கும் கிளியைப் பிடிக்கும். அதுக்காகத் தப்பைத் தப்பில்லன்னு சொல்ல முடியாது."

தையல்காரிக்கு அவன் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அதுவே அவளை இன்னும் வருத்தியது. "அந்தச் சண்டையை மறுபடி போடு தம்பி," என்றாள்.

போட்டான். அவள் இருபத்திரண்டு வருடமாக நீச்சல் உடையும் நடனக் குழுக்களின் உடையும் தைத்துக் கொடுப்பவள். இழுத்தால் நீளும் துணி அவள் விரல்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் கிளியின் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். தையல்காரியின் கண் தேனீயின் இடுப்புக்குப் போனது.

"நிறுத்து."

மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கறுப்புப் பட்டைக்கும் மஞ்சள் துணிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அதில் நூல் பிரி ஒன்று வளைந்து நின்றது.

"தையல் விட்டிருக்கு."

"விழுந்த வேகத்துல கிழிஞ்சிருக்கும்," என்றான் கொழுந்தன்.

"இன்னும் விழலையே. அந்தரத்துலதான இருக்கா? கொஞ்சம் கொஞ்சமா நகர்த்து."

அவன் நகர்த்தினான். தையல் முதலில் ஒரு முனையில் திறந்தது. அடுத்த படத்தில் பாதிவரை. அதற்கடுத்ததில் தேனீயின் உடம்பு சரிந்துகொண்டிருக்க, கிளியின் விரல்கள் பட்டையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன.

"பாருங்க," என்றாள் தையல்காரி. "அவ கையை விடவே இல்ல. பட்டை இன்னும் கையிலதான் இருக்கு. பட்டைதான் துணியை விட்டுடுச்சு."

நாத்தனார் எழுந்து வந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் மட்டும் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தான். முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.

"அண்ணி, இங்க பாருங்க. பிடி போனதும் இந்தக் கையை என்ன பண்றா?"

கிளியின் இன்னொரு கை தேனீயின் தோளிலிருந்து பாய்ந்து அவள் தலைக்கு அடியில் போயிருந்தது. தேனீயின் தலை தரையில் மோதவில்லை, அந்தக் கையின் மேல்தான் விழுந்தது.

"தலையைக் காப்பாத்தியிருக்கா," என்றான் அவன். "நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

நாத்தனார் அன்று மாலையே இதை ரசிகர் பக்கத்தில் எழுதினாள். வந்த பதில்களைப் படிக்க முடியவில்லை. 'ஊசி விஞ்ஞானி' என்றான் ஒருவன். 'அடுத்து பட்டன் நிபுணரைக் கூப்பிடுங்க' என்றான் இன்னொருவன். அவள் அழாத குறையாக வந்து நின்றபோது தையல்காரி துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எழுதி என்ன ஆகப்போகுது? முடிவெடுக்கிறவங்க முகத்துக்கு நேரா சொல்லணும். சனிக்கிழமை ரசிகர் கூட்டம் இருக்குல்ல?"

"நீங்க பேசுவீங்களா அண்ணி? மைக்குல?"

"எனக்குப் பதிலா நீ பேசு, நான் பின்னால நிக்கிறேன்னு சொல்லத்தான் ஆசை. உனக்குத்தான் தையல் தெரியாதே."

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி தன் பயிற்சிக்கூடத்தைத் திறந்து ரசிகர்களை உள்ளே விடும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருநூறு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தரை கழுவிய மருந்து நெடியையும் மீறி வியர்வை வாடை அடித்தது. மேடைக் கயிற்றுக்கு முன்னால் ஒழுங்குப் பொறுப்பாளர் நின்றார். பழைய மல்யுத்த வீரர், 'மலை' என்பதுதான் பெயர். அடி வாங்கி வாங்கி உப்பிப்போன காதுகள், கதவை அடைக்கிற தோள். வீரர்கள் தாமதமாக வந்தாலும் வாய் நீண்டாலும் அவர்தான் தண்டனை கொடுப்பவர்.

"கிளியை எப்ப சார் வெளியேத்துவீங்க?" என்று ஒருவன் கேட்டான். சிலர் கைதட்டினார்கள்.

"விசாரணை நடக்குது," என்றார் மலை. அவ்வளவுதான்.

மைக் தையல்காரி கைக்கு வந்தது. "ஐயா, நான் தையல் வேலை பாக்கிறவ. கேள்வி கேக்க வரலை. ரெண்டு துணி கொண்டு வந்திருக்கேன். நீங்க இழுத்துப் பாக்கணும்."

கூட்டம் சிரித்தது. மலை சிரிக்கவில்லை. "கொண்டாங்கம்மா," என்றார்.

இரண்டும் மஞ்சள் துணி, இரண்டிலும் கறுப்புப் பட்டை. முதல் துண்டை வாங்கி இரண்டு கையாலும் இழுத்தார். பட் பட் பட்டென்று தையல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தெறித்தது. துணி ஒரு கையில், பட்டை ஒரு கையில். இரண்டாவதை இழுத்தார். துணி நீண்டது, தையலும் கூடவே நீண்டது. கழுத்து நரம்பு புடைக்க இழுத்தும் அசையவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"முதல்ல இழுத்தது சாதா மிஷின்ல அடிச்ச நேர்த்தையல்," என்றாள் அவள். "துணி நீளும், நூல் நீளாது. அதனால அறுந்துடும். ரெண்டாவது வளைஞ்சு வளைஞ்சு போற ஜிக்ஜாக். துணி எவ்வளவு நீண்டாலும் அதுவும் கூடவே போகும். தேனீ போட்டிருந்தது முதல் தையல்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. டிவில தெரியுது. அந்த உடை உங்ககிட்டதான இருக்கும்? எடுத்துப் பாருங்க."

மலை ஒரு ஆளை அனுப்பினார். மஞ்சள் உடை பிளாஸ்டிக் பையில் வந்தது. அன்று கழற்றிப் போட்டதை அதற்குப் பிறகு யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் பையைத் தையல்காரியிடமே நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உடையை மேடை விளிம்பில் விரித்தாள்.

"அடிபட்டுக் கிழிஞ்சிருந்தா துணி கிழிஞ்சிருக்கும். துணியில ஒரு கீறல் இல்ல. ஊசி போன ஓட்டையெல்லாம் வரிசையா அப்படியே இருக்கு, நூல் மட்டும் அறுந்திருக்கு. கிளி கைவிடலைங்க. அவ பிடிச்ச இடம் அவளை ஏமாத்திடுச்சு. தலைக்கு அடியில அவ கையைக் கொடுத்ததையும் ஒரு தடவை பாருங்க."

மலை குனிந்து அந்த ஓட்டைகளின் மேல் தன் தடித்த விரலை ஓட்டினார்.

"இதை யாருய்யா தைச்சது?" என்று ஒரு குரல் வந்தது.

தையல்காரி சட்டென்று திரும்பினாள். "அவசரத்துக்குக் கொடுத்திருப்பாங்க, கையில இருந்த மிஷின்ல அடிச்சிருப்பாங்க. இப்ப அவங்களைத் துரத்தக் கிளம்பிடாதீங்க. சொல்லிக் கொடுத்தா போதும்."

நாத்தனாருக்கும் தைரியம் வந்துவிட்டது. "ஐயா, கதவை எட்டி உதைச்சாங்கன்னு சொல்றாங்களே, அது?"

"அந்தக் கதவா?" மலையின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஆறு மாசமா சிக்கிக்குதும்மா. உதைச்சாதான் திறக்கும். நானே தினம் நாலு தடவை உதைக்கிறேன்."

கூடமே குலுங்கிச் சிரித்தது. அவர் கையை உயர்த்தினார்.

"பதினோரு வருஷமா அவ ஒருத்தரையும் கைதவறிக் கீழ போட்டதில்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், ஊர் பேசுதுன்னு தண்டனை கொடுத்தேன். இந்த உடையை ஒரு தடவை எடுத்துப் பாத்திருக்கணும், பாக்கலை. ஒழுங்குங்கறது மேல இருக்கிறவனுக்கும் சேத்துத்தான். தப்பு என்னோடது. திங்கக்கிழமை அவ பயிற்சிக்கு வருவா."

முதலில் எழுந்து கைதட்டியது கிளியை வெளியேற்றச் சொன்ன அதே ஆள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை தையல்காரியின் வீட்டு மணி அடித்தது. அவள் கணவர் போய்க் கதவைத் திறந்தார். மனிதருக்கு மல்யுத்தமும் தெரியாது, கிளியும் தெரியாது. "அளவு கொடுக்கணுமா? அந்த ஸ்டூல்ல உக்காருங்க, கூப்பிடுறேன்," என்றார். வந்தவளும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த தையல்காரி அந்தக் கோணல் மூக்கைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள் இரும்புக்கிளி. "எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. கை மரத்துப் போச்சோ, வயசாயிடுச்சோன்னு வீட்டுல தண்ணி கேனைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். எம் பொண்ணு முன்னால கூடத் தலை நிமிர முடியலை. நீங்க கையைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க."

தையல்காரி நாடாவை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றினாள். எண் தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. "மூச்சை இழுத்துக்காதே. சும்மா இரு," என்று மட்டும் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்துத் தேனீயின் எலும்பு கூடியது. கிளியோடுதான் மோதுவேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள், அதுவும் சாம்பியன் பெல்ட்டைப் பந்தயமாக வைத்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் அரங்கம் நிரம்பி வழிந்தது. கிளிக்குப் பச்சை, தேனீக்கு மஞ்சள். இரண்டும் தையல்காரியின் மிஷினில் தைத்த உடைகள். மூன்றாவது வரிசையில் அவளும் நாத்தனாரும், லீவு போட்டு வந்த கொழுந்தனும் உட்கார்ந்திருந்தார்கள்.

இருபதாவது நிமிடத்தில் கிளி குனிந்தாள். ஒரு கை தோளில், மறு கை இடுப்புப் பட்டையில். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தேனீ மேலே போனாள். கிளி அவளைத் தலைக்கு மேல் அப்படியே நிறுத்தி, ஒரு சுற்று சுற்றிவந்து நான்கு பக்கமும் காட்டினாள். பட்டை அசையவில்லை. பிறகு தொட்டிலில் பிள்ளையை விடுகிற பதமாக இறக்கிப் படுக்க வைத்து மேலே சாய்ந்தாள்.

நடுவர் தரையை அறைந்தார். ஒன்று, இரண்டு என்பது வரைதான் காதில் விழுந்தது. மூன்றைக் கூட்டமே சொன்னது.

பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெல்ட் இரும்புக்கிளியின் இடுப்புக்கு வந்தது. கட்டிவிட்டவர் மலை. தேனீ அவள் கையைப் பிடித்து உயர்த்தினாள். கொழுந்தன் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தான். நாத்தனார் போனைத் தலைகீழாகப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி கத்திய கத்தலில் மறுநாள் அவளுக்குத் தொண்டை கட்டிப்போய் ஒரு சொல்கூட வரவில்லை. மூன்று நாள் வாடிக்கையாளர்களிடம் கையசைத்துத்தான் அளவெடுத்தாள்.